கல்லாப்பெட்டியருகே ஓர் அட்டை

தாராவியிலும் அல்சூரிலும் கரோல்பாகிலும் இட்லிக்கடையோ மளிகைக்கடையோ நடத்தும் நம்மவர் பலருடைய கல்லாப்பெட்டியருகே இன்று ஓர் அட்டை தொங்குகிறது. கறுப்புக் கட்டங்கள் நிறைந்த அந்தக் க்யூ.ஆர். அட்டை அங்கே வந்து சேர்ந்த வரலாற்றை நாம் சற்றே ஆராய்வோம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டதே காரணம் என்பர் பலர். புழக்கத்திலிருந்த பணமதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அன்று முடங்கிற்று என்பது உண்மையே. ஆயினும் கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் அறிமுகமான யூ.பி.ஐ. முறையில், நோட்டுத் தட்டுப்பாடு நிலவிய டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த பரிமாற்றங்கள் சுமார் 20 இலட்சமே. 2018-இல் நோட்டுப் புழக்கம் பழைய அளவை எட்டிவிட்டது. அதன் பின்னரே, 2019 அக்டோபரில், மாதப் பரிமாற்றம் 100 கோடியைக் கடந்தது. 2023 ஆகஸ்டில் 1,000 கோடியைக் கடந்தது. நெருக்கடி செய்தது அறிமுகம் மட்டுமே.

பின் வணிகரை இழுத்தது எது? செலவின்மை என்றே நாம் கருதுகிறோம். அட்டை தேய்க்கும் இயந்திரத்துக்கு வாடகை உண்டு; விற்பனையில் ஒரு பங்கை வங்கி பிடித்துக்கொள்ளும். பத்து ரூபாய்த் தேநீருக்கு அது கட்டுபடியாகுமா? காகித அட்டைக்கோ வாடகையில்லை. 2020 ஜனவரி முதல் யூ.பி.ஐ. வரவுக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதும் நீங்கிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையச் செலவு சரிந்து, வாடிக்கையாளர் கைப்பேசியும் கையுமாக வந்தனர். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்த கடைக்காரர் அவர்களை எத்தனை நாள் நிறுத்திவைக்க முடியும்? வந்த தொகையை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டி, கைப்பேசியைப் பார்க்க நேரமில்லாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் துணையாயிற்று. (காதுக்குள்ள மதிப்பு வானொலி நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதன்று.)

ஆனால் கல்லாவில் விழும் காசு போலன்றி, இவ்வரவு தடம் விட்டுச் செல்வது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூ.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து, ஆண்டு விற்றுமுதலில் பொருளுக்கு 40 இலட்சம், சேவைக்கு 20 இலட்சம் ரூபாய் என்ற வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்த சிறு வணிகருக்கு நோட்டீசு அனுப்பியது. பால், காய்கறி முதலிய வரியற்ற பொருள் விற்றவர்க்கும் அது வந்தது. உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றும் விற்பனையாகக் கணக்காயின என்று வணிகர் முறையிட்டனர். பெங்களூரில் பல கடைகளில் அட்டை இறங்கி, ‘ரொக்கம் மட்டும்’ என்ற தாள் ஏறிற்று. ஜூலை 23 அன்று வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்த முதலமைச்சர் சித்தராமையா, பழைய பாக்கி வசூலிக்கப்படாதென்றும் ஜி.எஸ்.டி. பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டுமென்றும் கூறினார்.