சித்த மருத்துவரிடம் போகுமுன்: போர்க்காயத்தோடு வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. ஆனால் நோவு முடியவில்லை. முதுகில் எறிகணைத் துண்டோடு தோட்டம் கொத்துகிறவர்கள், கால் இழந்து செயற்கைக் காலோடு கடை நடத்துகிறவர்கள், தலைக்காயத்துக்குப் பின் வலிப்புக் குளிசையோடு வாழ்கிறவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். கிளினிக்கில் தரும் நோக்குளிசை கேட்காதபோது, "பரியாரியாரிடம் ஒருக்கால் காட்டிப் பார்ப்பம்" என்று வருகிறார்கள். நான் சித்த மருத்துவம் படித்து, அதையே தொழிலாகச் செய்கிறவன். நாட்பட்ட நோவுக்கும், மூட்டு இறுக்கத்துக்கும், நித்திரையின்மைக்கும் எங்கள் மருத்துவத்தில் உதவி உண்டு என்று நம்புகிறவன். அதனாலேயே, மருத்துவரின் படியேறுமுன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்

இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, பாரம்பரிய வைத்தியம் ஆகிய எல்லாமே 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்தவருக்குப் பதிவிலக்கம் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. கைதடியில் போதனா வைத்தியசாலை உண்டு. திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் இல்லாவிட்டாலும், பரம்பரையாக முறிவு நெரிவு, விஷகடி பார்ப்பவர்கள் பாரம்பரிய வைத்தியராகப் பதிவு பெறலாம்.

பெயர்ப்பலகையில் 'இயற்கை வைத்தியர்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் பதிவு பெற்றவராகிவிட மாட்டார். பதிவிலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் அதற்காகக் கோபிக்கவும் மாட்டார்.

காயத்தை மறைக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் சிலர் தழும்பைக் காட்டி, "சைக்கிளால் விழுந்தது" என்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கும். காயம் இருந்தாலே சந்தேகம் என்ற காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்திப் பிடித்தால், நரம்போ இரத்தக் குழாயோ காயப்படலாம்.

சிகிச்சைக்குத் தேவையானவை நான்கே விடயங்கள். காயம் எங்கே? உள்ளே உலோகம் இருக்கிறதா? என்ன சத்திரசிகிச்சை நடந்தது? எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை? எங்கே காயப்பட்டீர்கள், யார் சுட்டது, நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்பவை மருந்து கொடுக்கத் தேவையில்லை. அவற்றைச் சொல்லாமல் விடலாம். "உள்ளே துண்டு இருக்கிறது" என்பதை மட்டும் சொல்லாமல் விட வேண்டாம். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கொண்டு போங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னாலும் இதைச் சொல்ல வேண்டும். காந்த விசையில் இரும்புத் துண்டு அசையக்கூடும்.

முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சூட்டு ஒற்றடமும் வேதும் ஆபத்து. தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். கால் இழந்தவர்கள், எஞ்சிய பகுதிக்கு எண்ணெய் பூசுவதானால் இரவில் செயற்கைக் காலைக் கழற்றிய பின் பூசி, காலையில் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தொட்டாலே மின்சாரம் பாய்வது போல நோகும் புள்ளியை அழுத்த விடாதீர்கள். அது நரம்பு முடிச்சாக இருக்கலாம்.

குளிசைகளை நிறுத்தலாமா?

எங்கள் மருந்து தொடங்கியதும் ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்துவது பலரின் பழக்கம். வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிர் போகலாம். இன்சுலின், பிரஷர், இருதய, மனநலக் குளிசைகளையும் கிளினிக் டொக்டரைக் கேட்காமல் விடக்கூடாது. "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வா" என்று முதல் நாளே சொல்லும் வைத்தியரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

இரண்டையும் சேர்த்து எடுக்கும்போதும் கவனம் தேவை. சிறுகுறிஞ்சாவும் பாகற்காய்ச் சாறும் சீனியைக் குறைக்கக்கூடியவை. சீனி வருத்தக் குளிசையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அதிமதுரம் நாட்கணக்கில் எடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மருந்தளவில் எடுத்தால் இரத்தப்போக்கு ஏற்படலாம். கறிக்குப் போடும் அளவைப் பற்றி நான் சொல்லவில்லை.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர். அவர்கள் தமரத்தங்காய்ச் சாறு குடிக்கக்கூடாது. ஆடுதீண்டாப்பாளை வகை மூலிகைகளில் உள்ள நச்சு சிறுநீரகத்தைக் கெடுத்து, புற்றுநோயையும் உண்டாக்கும். மூலிகை என்றால் தீங்கில்லை என்பது தவறான நம்பிக்கை.

பற்பம், செந்தூரம், பெயரில்லாத் தூள்

சித்த மருத்துவத்தில் ரசம், கந்தகம், பாஷாணம் சேர்ந்த மருந்துகள் உண்டு. முறையாகச் சுத்தி செய்து புடமிட வேண்டும் என்பது நூல் விதி. சந்தையில் கிடைப்பவை எல்லாம் அப்படிச் செய்யப்பட்டவை என்று எவரும் உறுதி தர முடியாது. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

துப்பாக்கிச் சன்னங்களில் ஈயம் உண்டு. சன்னம் மூட்டுக்குள் தங்கியிருந்தால் அந்த ஈயம் பல வருடங்களுக்குப் பிறகும் மெல்ல இரத்தத்தில் கலக்கலாம். எறிகணைத் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு என்பதால் எல்லோரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் மூட்டில் சன்னம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், சிறுநீரக நோயாளர் ஆகியோர் உலோகம் சேர்ந்த மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. "இதில் உலோகம் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள்.

பெயர் எழுதாத பொதியில் தரும் 'நோத் தூள்' இரண்டே நாளில் பத்து வருட நோவைப் போக்கினால் சந்தோசப்படுமுன் யோசியுங்கள். அதில் ஸ்டீரோய்ட் கலந்திருக்கலாம். முகம் ஊதுவதும், சீனியும் பிரஷரும் ஏறுவதும் அதன் அடையாளங்கள். பல கிழமை எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மிச்சத் தூளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

எங்களிடம் வரக்கூடாத நேரங்கள்

நெஞ்சு நோவு, ஒரு பக்கம் இழுத்தல், பாம்புக்கடி, விடாத வலிப்பு, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சுடுதல், பழைய காயம் சிவந்து சீழ் வடிதல், காய்ச்சலோடு முதுகு நோவு, புதிதாகச் சலம் கட்டுதல் அல்லது கால் மரத்துப்போதல். இவற்றுக்கு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வீங்கிய காலை உருவிவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளே உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும்.

கொண்டு போக வேண்டியவை, கேட்க வேண்டியவை

கிளினிக் கொப்பி, குளிசைகள் எல்லாம் அவற்றின் மட்டைகளோடு, கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என் வருத்தம் என்ன? இந்த மருந்தில் என்ன இருக்கிறது? எத்தனை நாள் எடுக்க வேண்டும்? சுகம் வராவிட்டால் அடுத்து என்ன? மருந்தின் பெயரையும் அளவையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் அதையும் காட்டுங்கள். அங்கே ஏசுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். ஏச்சு ஒரு நிமிடத்தோடு போய்விடும்.

நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ 'முழுச்சுகம்' வாங்கப் போகாதீர்கள். அறுந்த நரம்பை மீண்டும் வளர்க்கும் மருந்து எங்களிடம் இல்லை. நோவைக் குறைத்து, நித்திரையைத் தந்து, நாளைக்கும் வேலைக்குப் போகக்கூடியதாக வைத்திருக்க எங்களால் உதவ முடியும். அதற்கு உங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.