கட்டுச்சோறும் ஆகாய விமானமும்

முற்காலத்தில் திருமலைக்கு நடந்து சென்ற அடியார்கள் கட்டுச்சோறு சுமந்து சென்றதைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ் மக்கள் தம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூட்டை சிறிதாயின் பாதி வழியில் பசி. பெரிதாயின் பாதி வழியில் களைப்பு. ஆகாய விமானத்தின் வரலாறும் இந்த மூட்டையின் வரலாறே. எரிபொருள் கூடினால் எடை கூடும்; அந்த எடையைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். பகைவர் அறியாமலும் பறக்க வேண்டுமாயின் சிக்கல் இரட்டிக்கும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. அடுத்த ஆண்டின் நடுவில், குவாண்டாஸ் நிறுவனத்தார் கட்டலீனா என்னும் கடல் விமானங்களைக் கொண்டு, பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல ஏரி வரை, 5,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை நில்லாது கடக்கத் துணிந்தனர். கூடுதல் எண்ணெய்த் தொட்டிகளைப் பொருத்தினர். இன்றியமையாதன அல்லாத கருவிகளைக் கழற்றினர். பயணிகள் மூவர், அஞ்சல் சுமார் 70 கிலோ, அவ்வளவே சுமை. வானொலிக் கருவியை வாய்மூட வைத்து, விண்மீன்களை நோக்கி வழியறிந்தனர். ஒரே பயணத்தில் சூரியோதயத்தை இருமுறை கண்டனர். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தும் ஒரு விமானத்தையேனும் இழக்கவில்லை.

அன்று மௌனமும் தனிமையும் போதுமாயிருந்தன. ரேடார் வளர்ந்தபின் அவை போதவில்லை. ரேடாரின் ஆற்றலை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. திருப்பதிக்கு அருகே காதங்கியில், 1,024 ஆண்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. அவை அனுப்பும் அலைகளில் மிகச் சிறு பகுதியே எதிரொலியாய்த் திரும்புகிறது. அதனைக் கொண்டே உயர்வானத்துக் காற்றின் போக்கை அறிஞர் அளக்கின்றனர். காற்றே எதிரொலி தருமாயின், உலோகத்தால் ஆன விமானம் எவ்வாறு ஒளியும்?

அதற்கு விடையாக, அலைகளை வேறு திசைகளில் சிதறடிக்கும் வடிவுடைய விமானம் பிறந்தது. 1981-இல் முதன்முதல் பறந்த அமெரிக்க எஃப்-117 அத்தகையது. சிறகின் கீழே எண்ணெய்த் தொட்டியைத் தொங்கவிட்டால், அதுவே அலைகளைத் திருப்பியனுப்பிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆதலின் குண்டு, எரிபொருள் யாவும் வயிற்றுக்குள்ளேயே அடங்க வேண்டும். உள்ளிடமோ சிறிது. 1991-இல் சவுதி அரேபியாவிலிருந்து பாக்தாத் சென்ற இவ்விமானங்கள், வழியில் வானிலேயே எண்ணெய் பெற்றன.

வானில் எண்ணெய் ஊட்டும் கலை புதிதன்று. 1923 ஜூனில் சான் டியாகோ நகருக்கு மேலே, ஒரு விமானம் மற்றொன்றுக்கு ரப்பர் குழாய் வழியே பெட்ரோல் வழங்கியது. நம் விமானப்படையில் ஐ.எல்.-78 விமானங்கள் 2003-இல் இப்பணியை ஏற்றன. 2018 செப்டம்பர் 10 அன்று, அவற்றுள் ஒன்றிடமிருந்து நம் நாட்டுத் தேஜஸ் 1,900 கிலோ எரிபொருள் பெற்றது.

யாத்திரிகர் பாதையில் நின்ற சத்திரத்தைப் போன்றதே இந்த ஏற்பாடு. ஆயினும் ஒரு குறை உண்டு. சத்திரத்தின் விளக்கை எல்லாரும் காண்பர். மறைந்து செல்பவன் அங்கே தங்கினால், அவன் மறைவுக்குப் பொருள் என்ன? எண்ணெய் ஊட்டும் பெருவிமானம் ரேடாருக்கு எளிதில் புலப்படும். அதனை வீழ்த்திவிட்டால், ஒளிந்து சென்றவனுக்குத் திரும்பும் வழி இல்லை. இதனாலேயே அது பகைவரின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. அங்கிருந்து இலக்கு வரையுள்ள தொலைவை உள்ளே சுமந்த எண்ணெயே கடத்திவைக்க வேண்டும்.

2024 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் வழங்கிய ஆம்கா என்னும் நம் புதிய போர்விமானத்தை வகுப்போர் முன்னும் இக்கணக்கே நிற்கிறது. ஆயுதத்துக்கு எவ்வளவு இடம், எண்ணெய்க்கு எவ்வளவு இடம்? கொக்கலவில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற மறுத்தவர்களும் இக்கணக்கையே போட்டனர். எதை விட்டுச் செல்வது என்று அறிந்தவனே நெடுந்தூரம் செல்கிறான்.