பூட்டிய வீட்டுக்குள் பெண்: கிள்ளான் வேலைநிறுத்தம் முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வரை

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18இல் ஆணை நடப்புக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் பூக்கடைகளும் உணவுக்கடைகளும் அடங்கின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. நாடு முழுவதும் ஒலித்த அறிவுரை ஒன்றுதான்: வீட்டிலேயே இருங்கள், கிருமி அண்டாது.

கிருமியைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. வீடு எல்லாருக்கும் பாதுகாப்பான இடம் என்பதே அந்த அனுமானம். கணவனின் கைக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை.

புதிர் போடும் எண்கள்

போலீசில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்கள் 2019இல் 5,657. நோய்த்தொற்று தொடங்கிய 2020இல் அது 5,260 ஆகக் குறைந்தது. 2021இல் 7,468 ஆக ஏறியது. முதல் பார்வைக்கு, வீடடங்கிய முதல் ஆண்டில் அடிதடி குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

அதே 2020இல் தொலைபேசி வேறு கதை சொன்னது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் ‘தாலியான் காசே’ 15999 எண்ணுக்கு வந்த அழைப்புகள், ஆணை தொடங்கிய முதல் நாள்களிலேயே 57 விழுக்காடு கூடியதாகச் செய்திகள் வெளிவந்தன. பெட்டாலிங் ஜெயாவில் உருவான மகளிர் உதவி அமைப்பான டபள்யூஏஓவுக்கு வந்த அழைப்புகளும் வாட்சாப் செய்திகளும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் மூன்று மடங்குக்கு மேல் பெருகின.

தொலைபேசி அழுதது, புகார்ப் புத்தகம் மெளனமாக இருந்தது. அடி விழுந்தது, ஆனால் அடிபட்டவளால் நிலையத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். இதன் முழுப் பொருள் விளங்க வேண்டுமானால், மலேசியப் பெண்ணுக்கு வீட்டுக்கதவு எப்படித் திறந்தது என்ற பழைய வரலாற்றைப் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் கிள்ளானில்தான் எழுதப்பட்டது.

லயத்து வீடும் கள்ளுக்கடையும்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களை ஒன்றுதிரட்டியது. ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். மிதிவண்டியில் போகும் தொழிலாளி, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்றிருந்த காலம் அது.

தொழிலாளர்கள் 12 கோரிக்கைகளை வைத்தனர். சம்பளம், வேலை நேரம், மருத்துவ வசதி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றோடு இரண்டு கோரிக்கைகள் தனித்துத் தெரிந்தன. தோட்டத்து வெள்ளையரும் அவர்களுக்கு ஒத்தூதிய அதிகாரிகளும் பெண் தொழிலாளிகளிடம் வரம்பு மீறுவதை நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது மற்றொன்று.

பதில் கடுமையாக இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆனாலும் கள்ளுக்கடை எதிர்ப்பு ஓயவில்லை. போருக்குப் பிறகு 1946, 1947ஆம் ஆண்டுகளில் வடக்கே கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோது பெண்களும் திரண்டு வந்தனர். மாதச் சம்பளம் கள்ளுக்கடையில் கரைவதையும், குடித்து வந்தவனின் கை எங்கே இறங்கும் என்பதையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். துரையின் கொடுமை கோரிக்கைப் பட்டியலில் ஏறியது; கள்ளும் ஏறியது. கணவனின் அடி ஏறவில்லை. வெளியாள் செய்தால் அநியாயம், வீட்டுக்காரன் செய்தால் குடும்ப விவகாரம் என்ற எண்ணம் போராடியவர்களிடமும் இருந்தது.

லயத்து வீட்டுப் பலகைச் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் சத்தம் எழுந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பெரியவர்கள் வந்து விலக்கிவிடுவார்கள். கோயில் திடலில் பஞ்சாயத்தும் நடக்கும். பெரும்பாலும் புத்தி சொல்லி, அந்தப் பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதோடு அது முடியும். வீடோ தோட்டத்தின் உடைமை. வேலையை விட்டால் கூரையும் போகும். அவள் வேறு எங்கே போவாள்?

பதினோரு ஆண்டுகள் பிடித்த சட்டம்

அந்தக் கேள்விக்கு முதல் பதில் 1982இல் வந்தது. அடிபட்ட பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் தங்குவதற்கென நாட்டின் முதல் அடைக்கல இல்லத்தை டபள்யூஏஓ தொடங்கியது. தங்க இடம் கிடைத்தது. கேட்க நீதி இல்லை. மனைவியை அடிப்பது அன்றைய குற்றவியல் சட்டத்தில் பெரும்பாலும் ‘சாதாரணக் காயம்’ என்ற வகையில் அடங்கியது. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. புகார் கொடுக்கப் போனவளை, கணவனோடு பேசித் தீர்த்துக்கொள் என்று அனுப்பிவைப்பது வழக்கமாக இருந்தது.

1985 மார்ச் மாதம் ஐந்து அமைப்புகள் கூடி, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பட்டறை நடத்தின. மகளிர் அமைப்புகளோடு தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவும் பயனீட்டாளர் சங்கமும் அதில் இருந்தன. குடும்ப வன்முறைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வலுப்பெற்றது. சாந்தி தைரியம், ஐரின் பெர்னாண்டஸ், ஐவி ஜோசையா போன்ற இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இந்த இயக்கத்தில் பெரும் பங்கு உண்டு. சாந்தி தைரியம் பின்னாளில், 2005 முதல் 2008 வரை, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவில் உறுப்பினராகவும் இருந்தார்.

சட்டம் எளிதில் வரவில்லை. இல்லற விவகாரத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா சட்டத்தின் கீழ் வருவதால், ஒரே சட்டம் எல்லாருக்கும் பொருந்துமா என்ற விவாதமும் நீண்டது. அடிப்பது குற்றம், ஆகவே அது குற்றவியல் சட்டத்தோடு சேர்ந்தது என்று முடிவானது. 1994இல் நாடாளுமன்றம் குடும்ப வன்முறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. மகளிர் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்த பின் 1996 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. பட்டறையிலிருந்து கணக்கிட்டால் பதினோரு ஆண்டுகள்!

அதே 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நெருக்கடிச் சேவை மையம் திறந்தது. காயத்துக்கு மருந்து, போலீஸ் புகார், சமூகநல உதவி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். பிறகு இம்முறை மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. 2012 திருத்தம் மனரீதியான துன்புறுத்தலையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2017 திருத்தம் அவசரப் பாதுகாப்பு உத்தரவைத் தந்தது. நீதிமன்றம் போகாமல், போலீஸ் புகாரும் இல்லாமல், சமூகநல அதிகாரியே ஏழு நாளைக்கு அதை வழங்கலாம். 2018 ஜனவரி முதல் இது நடப்பில் உள்ளது.

அடைக்கல இல்லம், புகார், மருத்துவமனை, நீதிமன்றம், சமூகநல இலாகா என இவை அனைத்தும் வெளியே இருக்கின்றன. பெண் வாசற்படியைத் தாண்டி வருவாள் என்று நம்பியே இத்தனையும் கட்டப்பட்டன.

வாசற்படி மூடிய நாள்கள்

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அந்த வாசற்படியைத்தான் மூடியது. வீட்டுச் சாமான் வாங்கக் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள் என்று விதி வந்தது. மீறினால் 1,000 வெள்ளி அபராதம். ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் பெரும்பாலான வீடுகளில் யாரைக் குறிக்கும்? சாலைத் தடுப்பில் நிற்கும் போலீசிடம் எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டிய நிலையில், பயந்து ஓடும் பெண்ணுக்கு அச்சம் இரட்டிப்பானது. மார்ச் 27இல் அறிவிக்கப்பட்ட உதவித்தொகையில், மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் கணக்குக்கே போனது.

தோட்டங்கள் வீடமைப்புக்கும் நகர்களுக்கும் இடம் கொடுத்த பின், கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டக் குடும்பங்கள் பல, மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்திருந்தன. ஏறக்குறைய 700 சதுர அடியில் மூன்று தலைமுறை வாழும் வீடுகள் அங்கு உண்டு. வேலை போன கணவன், இணையத்தில் பாடம் படிக்கும் பிள்ளைகள், மூடிய கதவு. கழிவறைக்குள் நின்றுகூடத் தொலைபேசியில் பேச முடியாத நெருக்கம். லயத்தில் பலகைச் சுவர் கேட்டது. இங்கே கேட்டாலும் மின்தூக்கியில் முகம் திருப்பிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

இந்த வேளையில்தான் மகளிர் அமைச்சின் சுவரொட்டிகள் வெளிவந்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும்போதும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள், கணவரை நச்சரிக்காதீர்கள், டோராமோன் கேலிச்சித்திரக் குரலில் கொஞ்சிப் பேசுங்கள் என்பதாக மனைவியருக்கு அறிவுரை! எதிர்ப்பு கிளம்ப, மார்ச் 31இல் மன்னிப்பு கேட்கப்பட்டது. அது கேலிக்குரிய செய்தியாக உலகம் சுற்றியது. ஆனால் வீட்டு அமைதி பெண்ணின் பொறுப்பு என்ற பழைய பஞ்சாயத்துத் தீர்ப்பு அந்தச் சுவரொட்டியிலும் இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

2021 ஜூன், ஜூலையில் நிலைமை முற்றியது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. காயத்தோடு வரும் பெண்ணுக்கான வாசலும் அந்த அவசரப் பிரிவுதான். அதே மாதங்களில் பசித்தவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக்கொடி கட்டினர். பார்த்தவர்கள் அரிசி, பருப்பு கொண்டு ஓடினர். பசிக்குக் கொடி கட்டலாம். அடிபடுகிறவள், அடிப்பவன் கண்முன்னே எந்தக் கொடியைக் கட்டுவாள்?

உலகம் தேடிய வழிகள்

இது மலேசியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2020 ஏப்ரல் 5இல் ஐ.நா. தலைமைச் செயலாளர் அந்தோனியோ குத்தேரஸ், வீடுகளுக்குள்ளும் சண்டை நிறுத்தம் வேண்டும் என்று அரசுகளைக் கேட்டுக்கொண்டார். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் மருந்துக்கடைக்குப் போய் ‘முகக்கவசம் 19’ என்று கேட்டால் போதும். கடைக்காரர் போலீசை அழைப்பார். பிரான்ஸ் அரசு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஹோட்டல் அறைகளை ஏற்பாடு செய்தது. இந்தியாவின் தேசிய மகளிர் ஆணையம் ஏப்ரல் 10இல் வாட்சாப் எண் ஒன்றை அறிவித்தது. சத்தமில்லாமல் உதவி கேட்கவும், கேட்ட இடத்திலேயே பெறவும் வழி செய்வதே இவற்றின் அடிப்படை. மலேசியாவிலும் டபள்யூஏஓவின் குறுஞ்செய்தி எண்ணும் தாலியான் காசேயின் வாட்சாப் எண்ணும் அப்படித்தான் பல பெண்களுக்குக் கை கொடுத்தன.

அண்டை வீட்டாருக்கும் சட்டம் உண்டு

நோய்த்தொற்று ஓய்ந்தது. 2021இல் ஏறிய 7,468 என்ற எண், மூடியிருந்த கதவுகளுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்ததையும் சேர்த்தே காட்டியிருக்க வேண்டும். அடுத்த பேரிடர் வெள்ளமாக வரலாம், வேறொரு கிருமியாகவும் வரலாம். அன்றைய ஆணையை எழுதுகிறவர்கள், வன்முறைக்குத் தப்பி வெளியேறுவது விதிமீறல் ஆகாது என்ற ஒரு வரியை முதல் நாளே அதில் சேர்க்க வேண்டும். உதவித்தொகையில் மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஆனால் எல்லாம் அரசின் கையில் இல்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு, 18ஆம் பிரிவு. ஒரு வீட்டில் குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கலாம். அதற்காக அவர்மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது. ஊர் வம்பு நமக்கேன் என்று கதவைச் சாத்திக்கொள்ள, சட்டம் சாக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. லயத்தில் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பிரிக்பீல்ட்ஸிலும் காப்பாரிலும் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அன்றுபோல் விலக்கிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த வீட்டுச் சத்தம் கேட்டதும் 15999 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும்.