தில்லைக் காட்டின் நீர்ப்பாதை

மலைப்பகுதிக் காடுகளைக் காணச் செல்வோர் ஜீப் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மேடுபள்ளங்களில் குலுங்கியபடி பயணம் செய்வதுண்டு. பிச்சாவரத்தில் சக்கரங்களுக்கு வேலை இல்லை. அங்கே காட்டுப் பாதை நீரால் ஆனது. விடுமுறை நாளொன்றில் கடலூரிலிருந்து புறப்பட்ட நாங்கள் இருவரும், சிதம்பரத்தையும் கிள்ளையையும் கடந்து அதன் படகுத்துறையை அடைந்தோம். இயந்திரப் படகு அகன்ற கால்வாய்களோடு நின்றுவிடும் என்பதால் துடுப்புப் படகையே அமர்த்திக்கொண்டோம்.

சிறிது தூரம் சென்றதும், முகத்தில் உரசவந்த கிளையை விலக்க எங்களில் ஒருவர் கை நீட்ட, படகோட்டி பதறிவிட்டார். "அதத் தொடாதீங்க சார். தில்லை மரம். பால் கண்ணுல பட்டா ஆபத்து."

நாங்கள் வெட்கமுற்றோம். தில்லை என்னும் சொல்லை வகுப்பில் பலமுறை விளக்கியதுண்டு, வீட்டிலும் பேசியதுண்டு. மரத்தை அடையாளம் கண்டுகொண்டது அன்றுதான். கலித்தொகையின் நெய்தற்கலி, கடற்கரைக் கானலில் முண்டகத்தோடு தில்லையையும் சேர்த்துக் காட்டுகிறது. புறநானூறு, தவம் மேற்கொண்ட ஒருவனின் சடைக்குத் தில்லையை உவமையாக்குகிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்ததும், நடராசர் கோயிலின் தலமரமாக விளங்குவதும் இம்மரமே. இன்று ஊரில் பெயர் இருக்கிறது. காடோ ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் இருக்கிறது.

இக்காட்டைப் பலர் முதலில் கண்டது திரையில்தான். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. மனிதர் கை படாத காடு என்ற எண்ணத்தைத் திரைப்படங்களும் சுற்றுலா விளம்பரங்களும் நம் மனத்தில் பதித்துவிட்டன. வரலாறு கூறுவது வேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970-களின் நடுப்பகுதி வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முழுவதுமாக வெட்டி மரம் எடுத்தனர். நிழல் போனதும் சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தொட்டி போலக் குழிந்த அவ்விடங்களில் புகுந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சிப் பெருகியது. உப்பைத் தாங்கப் பழகிய கண்டல் மரங்களாலும் அந்நிலத்தில் மீண்டும் முளைக்க இயலவில்லை.

நெடுங்காலம் இக்குறைக்கு மேய்ச்சலையும் விறகு வெட்டும் கிராமத்தாரையுமே காரணம் காட்டினர். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தை ஆராய்ந்து, பழைய வெட்டுமுறையே முதன்மைக் காரணம் என்று கூறினர். வனத்துறையும் ஊர்மக்களும் உடன் சேர, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நடுவே ஒரு பெருவாய்க்கால்; இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். ஓதநீர் ஏறி இறங்க வழி பிறந்தது, உப்பு குறைந்தது, வெண்கண்டல் வேர்பிடித்தது. பதினைந்து ஆண்டுகளில் கண்டல் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியதாக அந்நிறுவனத்தாரின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவிக்கிறது.

அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கு நேரே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. கண்டலுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவு. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்றது. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணம் என்று வாதிட்ட ஆய்வாளரும் உண்டு. மரங்களின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவற்றின் பின்னால் வாழ்ந்தவர்கள் அவற்றைக் காவலாகவே கருதுகின்றனர்.

திரும்பும் வழியில், கால்வாயிலிருந்து பிரிந்து சென்ற ஒரு சிறு நீர்வழியின் அழகைக் கண்டு வியந்தோம். இயற்கை ஓடை என்றே எண்ணினோம்.

"அது வெட்டுனது சார். எங்க அப்பாவும் அதுல மண்ணு சுமந்தாரு" என்றார் படகோட்டி.

அதன்பின் எங்களுக்குப் பேச்சு எழவில்லை. சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர் சிலர். இப்பகுதியில் வாழும் இருளர் மக்களின் தொழில்முறை அது. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது, அச்சிறப்பு தகும். ஆனால் இக்காட்டின் வரலாற்றில் வெட்ட ஆணையிட்டவர்களுக்கு ஆவணம் இருக்கிறது, ஆராய்ந்தவர்களுக்குக் கட்டுரை இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர்களோ அவர்தம் பிள்ளைகளின் நினைவில் மட்டுமே நிற்கின்றன.

வாடகைக்கு எடுத்த படகை நேரம் முடிந்ததும் துறையில் விட்டுவிட்டோம். இனி வகுப்பில் தில்லை என்று சொல்லும்போது, கோயிலோடும் பாட்டோடும் அந்த வாய்க்காலையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே சிதம்பரம் திரும்பினோம்.