பத்திரிகைத் தொழில் பல்கலைக்கழகம் புகுந்த வரலாறு

எழுதத் தெரிந்தவன் பத்திரிகைக்கு எழுதுகிறான். இதற்கொரு பட்டம் எதற்கு என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. அது வீண் வினாவும் அன்று. 1882-ஆம் ஆண்டில் சுதேசமித்திரனைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1904-இல் அவ்விதழில் உதவியாசிரியராக அமர்ந்த பாரதியாரும் மதுரையில் தமிழாசிரியராகச் சிறிது காலம் பணிபுரிந்து வந்தவரே. அச்சுக்கூடத்து மை வாசனையில் தொழில் கற்ற பரம்பரை அது.

அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908-இலேயே இதற்கெனத் தனிப்பள்ளி கண்டது. நம் நாட்டில் முதல் முயற்சி சென்னை அடையாற்றில், 1920-இல், அன்னி பெசன்ட் அம்மையாரால் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. மாணவர்கள் அவருடைய நியூ இந்தியா நாளிதழிற் பயிற்சி பெற்றனர். அம்முயற்சி சில ஆண்டுகளே நிலைத்தது. 1938-இல் அலிகாரில் தொடங்கிய வகுப்பும் இரண்டே ஆண்டுகளில் நின்றுவிட்டது.

நிலைத்து நின்றது லாகூர் வகுப்பே. அமெரிக்காவில் இதழியல் பயின்று திரும்பிய பிரித்வி பால் சிங், 1941-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அதனை நிறுவினார். 1881 முதல் டிரிபியூன் இதழ் வெளிவந்த ஊர் அது. கற்பதற்கு ஏற்ற இடந்தான். ஆனால் 1947-இல் நாடு பிளவுபட்டது. பல்லாயிரம் குடும்பங்களைப் போலவே பத்திரிகையும் வகுப்பும் வீடிழந்தன. டிரிபியூன் சிம்லாவுக்கும் அம்பாலாவுக்கும் சென்று, 1969-இல் சண்டீகரை அடைந்தது. வகுப்போ தில்லியில் தங்கி, 1962-இல் அதே சண்டீகர் சேர்ந்தது. கட்டடமும் நூலகமும் கைவிட்டுப்போன பின்னரும் பாடம் அறுபடாமல் நடந்ததே, அதை நான் இவ்வரலாற்றின் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

அதே 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இத்துறையைத் தொடங்கிற்று. பின்னர்க் கல்கத்தாவும் முன்வந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951-இல் நாடிக் கிருஷ்ணமூர்த்தி இதற்கு வித்திட்டார்.

நாம் வாழும் நாகபுரிக்கும் இதில் உரிய இடமுண்டு. 1952-இல் ஹிஸ்லாப் கல்லூரியில் இதழியல் துறை தோன்றியபோது, சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலண்ட் வுல்ஸ்லி ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் இங்கு வந்து அதனை உருவாக்கினார். அமெரிக்கப் பாடநூல்கள் இந்நாட்டு மாணவர்க்குப் போதா என உணர்ந்த அவர், இந்தியப் பத்திரிகையாளர் பலரை எழுதச் செய்து, 'ஜர்னலிசம் இன் மாடர்ன் இந்தியா' என்ற நூலை 1953-இல் தொகுத்து வெளியிட்டார். வெளிநாட்டார் ஒருவர் இதனைச் செய்யவேண்டியிருந்தது என்பது சற்று நாணத்தக்கதே. செய்தவரைப் பாராட்டாமல் இருத்தல் அதனினும் நாணத்தக்கது.

எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது வேறொன்று. அக்காலத்து வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. மக்கள் படித்த இதழ்களோ தாய்மொழிகளில் வளர்ந்தன. பட்டம் ஒருபுறமும் பத்திரிகை மறுபுறமுமாக நின்றன. மத்திய அரசு 1965 ஆகஸ்ட் 17-இல் தில்லியில் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புக் கல்வி நிறுவனம் நாளடைவில் ஆங்கிலத்தோடு இந்தி, உருது, ஒடியா, மலையாளம், மராத்தி ஆகியவற்றிலும் பட்டயம் வழங்கலாயிற்று. 2024-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மராத்தி வகுப்பு நமக்கு அண்மையிலுள்ள அமராவதியில் நடைபெறுகிறது. நம் சங்கத்துப் பிள்ளைகளில் மராத்தி வழிப் படித்தோர் பலர் உளர். அவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். பம்பாய் செல்லும் வண்டியில் ஏறி, பத்னேராவில் இறங்கினால் போதும்.