எத்தனை ஆண்டுகள் புகைத்தார்? மருத்துவப் பதிவேட்டில் விடுபடும் கேள்வி

ரிச்சர்டு டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும் அவர்களுக்கு இணையான பிற நோயாளிகள் 709 பேரையும் ஒப்பிட்டது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற அதன் முடிவை உலகம் அறியும். அந்த முடிவைத் தந்த கேள்விகளை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம். புகைக்கத் தொடங்கிய வயது, நிறுத்திய வயது, நாளொன்றுக்கு எத்தனை, இடையில் கூடியதா குறைந்ததா, சிகரெட்டா பைப்பா, புகையை உள்ளிழுப்பவரா என்றெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். சிலரிடம் மாதங்கள் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்தார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் நுரையீரல் புற்று என்று கருதப்பட்டு, பின்னர் அது இல்லை என்று தெரியவந்த நோயாளிகளும் இருந்தனர். கேட்டவரின் முன்முடிவு விடைகளைத் திரித்திருந்தால், இவர்களும் புற்றுநோயாளிகளைப் போலவே மிகுதியாகப் புகைத்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. இவர்களுடைய பழக்கம் ஒப்பீட்டுக் குழுவின் பழக்கத்தையே ஒத்திருந்தது. நோயாளி சொல்வதை ஒழுங்காகக் கேட்டு எழுதினால் அது அளவீடாக நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்றைய கேஸ் ஷீட்டில் அந்த விவரம் முழுவதும் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது. உணவு, உறக்கம், மது ஆகியவற்றோடு ‘தனிப்பட்ட பழக்கங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ‘புகைப்பவர்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு குறிப்பு. முதல்முறை எழுதியதையே அடுத்தடுத்த சேர்க்கைகளிலும் பார்த்து எழுதிவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதே எண்ணை எழுதிக்கொண்டிருந்தால் எந்தத் துறைத்தலைவராவது பொறுப்பாரா? நாடித்துடிப்பு, காய்ச்சல், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு புகைநிலையையும் ஒவ்வொரு வருகையிலும் குறிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஃபியோர் 1991லேயே எழுதினார். அவர் சொன்னதற்கு ஒரு படி மேலே போக வேண்டும் என்பது என் வாதம். புகைக்குறிப்பு நோயாளியின் குணத்தைப் பற்றியது அன்று. அவர் உடல் எவ்வளவு காலம், எவ்வளவு நஞ்சை ஏற்றது என்பதற்கான கணக்கு அது. கால அளவு இல்லாத கணக்கு பாதிக் கணக்குகூட ஆகாது.

அளவைக் குறிக்க மருத்துவர்கள் கையாள்வது ‘பாக்கெட்-ஆண்டு’. நாளொன்றுக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால் ஒரு பாக்கெட்-ஆண்டு. நாளுக்கு 20 வீதம் 20 ஆண்டு புகைத்தவரும், நாளுக்கு 10 வீதம் 40 ஆண்டு புகைத்தவரும் இந்தக் கணக்கில் சமம். இருவரின் நுரையீரலும் சமமல்ல. பிரிட்டிஷ் மருத்துவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து டாலும் ரிச்சர்டு பீட்டோவும் 1978இல் காட்டியது இது: நுரையீரல் புற்றின் அபாயம் நாள் அளவோடு ஏறக்குறைய இருமடிப் பெருக்கமாக உயர்கிறது, புகைத்த ஆண்டுகளோடு நான்கு, ஐந்து மடிப் பெருக்கமாக உயர்கிறது. அதாவது, ஆண்டுகள் இரட்டித்தால் அபாயம் குறைந்தது 16 மடங்கு. எண்ணிக்கையைப் பாதியாக்குவதால் கிடைக்கும் சலுகை அதற்கு ஈடாகாது. பாக்கெட்-ஆண்டை மட்டும் எழுதும் பதிவேடு, ‘கொஞ்சம்தான் பிடிக்கிறேன்’ என்று நாற்பதாண்டு புகைத்தவரின் ஆபத்தை மறைத்துவிடுகிறது.

பீடிக்கு இந்த அளவுகோல் இன்னும் குறைவாகவே பொருந்தும். 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடியும், 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். ஒரு பீடியில் சிகரெட்டைவிட மிகக் குறைவான புகையிலையே இருக்கிறது. ஆனால் அது அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும் என்பதால் உட்செல்லும் தாரும் நிகோட்டினும் அந்த விகிதத்தில் குறைவதில்லை. கட்டின் அளவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே ‘ஒரு கட்டு’ என்று நோயாளி சொல்வதைப் பாக்கெட்டாக மாற்றி எழுதாமல், பீடியைப் பீடியாகவே எண்ணி எழுதுவதே நேர்மை. (சுருட்டுக்கும் இது பொருந்தும். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றியே காலம் கழித்த பெண்கள் சுவாசித்த புகையிலைத் தூசிக்கு எந்தத் தலைப்பிலும் இடமில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய கொடுமை.)

ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்கூடக் கிடைப்பதில்லை, இத்தனையும் கேட்க முடியுமா என்பது நியாயமான மறுப்பு. அதற்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அவர்கள் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியானது. கஜலட்சுமி, பீட்டோ முதலியோர் செய்தது. நகர்ப்புறத்தில் 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களில் புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப் போல 4.5 மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அதுவரை பெரும்பாலும் புற்றும் மாரடைப்புமே பேசப்பட்டன. வீட்டாரிடம் கேட்ட எளிய கேள்விகளே இதை வெளிக்கொணர்ந்தன என்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் கேட்பது எப்படி இயலாத காரியமாகும்? எதை, நாளுக்கு எத்தனை புகைத்தீர்கள், எந்த வயதில் தொடங்கினீர்கள், எப்போது, ஏன் நிறுத்தினீர்கள். இந்த மூன்றும் போதும்.

மூன்றாவது கேள்வி முக்கியமானது. ‘விட்டுட்டேன் டாக்டர்’ என்பவரை ‘முன்னாள் புகைஞர்’ என்று எழுதி நிறுத்திவிட்டால், முப்பது வயதில் விட்டவரும், போன மாதம் இருமலில் இரத்தம் கண்டு விட்டவரும் ஒரே பெயரில் அடங்குகிறார்கள். முன்னவர் இழக்கவிருந்த ஆயுளில் பெரும்பகுதியை மீட்டவர். பிரிட்டிஷ் மருத்துவர்களின் ஐம்பதாண்டு முடிவுகள் 2004இல் வந்தபோது, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தனர் என்றும், 30 வயதில் நிறுத்தியவர்கள் அந்தப் பத்தையும், 60இல் நிறுத்தியவர்களும் மூன்றாண்டை மீட்டனர் என்றும் தெரிந்தது. நோய் வந்த பிறகு நிறுத்தியவர்களோ நோயின் காரணமாகவே அதிகம் இறக்கிறார்கள். விட்ட ஆண்டையும் காரணத்தையும் எழுதாத பதிவேட்டைப் பார்ப்பவருக்கு, நிறுத்துவதே ஆபத்து என்றுகூடத் தோன்றக்கூடும்.

நம் நாட்டு இறப்புப் பதிவுக்கான அறிக்கைப் படிவம், இறந்தவர் புகைப்பவராயின் எத்தனை ஆண்டுகள் என்று கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். உயிரோடிருக்கையில் கேட்டிருந்தால் சிகிச்சைக்கு உதவியிருக்கும்.

உண்மையான விடை கிடைப்பதற்கு இரு தடைகளைக் களைய வேண்டும். பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். பீடி புகைக்கும் இந்தியப் பெண்கள் ஏறத்தாழ எட்டாண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்று ஆய்வாளர் பிரபாத் ஜாவின் குழு 2008இல் கணித்தது. அது ஆண்களின் ஆறாண்டைவிட அதிகம். மற்றது காப்பீடு. ‘சிகரெட்னு எழுதிடாதீங்க, கிளெய்ம் வராது’ என்று உறவினர்கள் கெஞ்சும்போது மருத்துவரின் பேனா தயங்குகிறது. அந்த அச்சம் இருக்கும்வரை எந்தப் படிவமும் பொய்யைத்தான் சேகரிக்கும். சிகிச்சைக்காகச் சொன்ன புகைப்பழக்கத்தை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஐயத்துக்கிடமின்றி விதிக்க வேண்டும். அந்த விதியை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லிய பிறகே கேள்வியைத் தொடங்க வேண்டும்.