ஒரு சுவருக்கு இரண்டு சந்தனம்: வேதாரண்யம் வீடுகளில் நிறத் தேர்வு பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வேதாரண்யம் பகுதியில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முடிவு செய்பவர்களில் பலர் ஷேடு கார்டைப் புரட்டிக் கடைசியில் சந்தனக் கலரில் வந்து நிற்கிறார்கள். அங்கேயும் இரண்டு கட்டங்கள் போட்டி போடும். ஒன்று மஞ்சள் சாய்ந்த சந்தனம், இன்னொன்று சிவப்பு சாய்ந்த சந்தனம். கார்டில் இரண்டும் கட்டைவிரல் அகலமே இருப்பதால் வித்தியாசம் பிடிபடாது. வீட்டில் ஆளுக்கொரு கருத்து எழும்; முடிவெடுக்க முடியாமல் நாள் போகும். கார்டைப் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பதும், இந்த ஊரின் வெயிலையும் உப்பையும் கணக்கில் எடுத்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. வேறுபாட்டை அளத்தல்

இரண்டு நிறங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை எண்ணாகச் சொல்லும் முறையைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976-இல் வகுத்தது. அந்த அளவையில் ஏறத்தாழ 2 அலகு தள்ளியிருந்தால்தான் சாதாரணக் கண் வித்தியாசத்தை உணரும். ஒரே சுவரில் காலை ஒளியும் அந்தி ஒளியும் உண்டாக்கும் மாற்றம் இதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே கடையின் டியூப்லைட்டில் எது அழகு என்று கேட்பதில் பொருளில்லை. எந்தச் சுவரில், எந்த நேரத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

3. ஒளி

3.1 வெயிலின் திசை

வடக்குப் பார்த்த சுவருக்கு நேர் வெயில் படாது, அங்கே ஒளி குளிர்ந்து நிலையாக இருக்கும், எனவே இளஞ்சூடான நிறம் பூசுங்கள் என்று அலங்காரப் புத்தகங்கள் சொல்கின்றன. ஐரோப்பாவுக்கு அது சரி. வேதாரண்யம் பத்தரை பாகை வட அட்சத்தை ஒட்டியுள்ள ஊர். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். அந்த நான்கு மாதமும் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்குகிறது. தெற்குச் சுவர் நிழலில் நிற்கிறது. மார்கழியில் இது தலைகீழாகும். புத்தகத்தை நம்பி வடக்குச் சுவருக்கு மஞ்சள் தூக்கலான சந்தனத்தை அடித்தால், சித்திரை வெயிலில் அது கண்ணைக் கூச வைக்கும்.

3.2 எதிரொளி

சுவர் தன் நிறத்தை மட்டும் காட்டுவதில்லை. எதிரே உள்ளதன் நிறத்தையும் வாங்கிக் காட்டும். சிவப்பு ஆக்சைடு தரை உள்ள கூடத்தில் சுவரின் கீழ்ப்பாதி சிவந்து தெரியும். அங்கே சிவப்பு சாய்ந்த சந்தனம் அடித்தால் சதை நிறம் தட்டிவிடும். மஞ்சள் சந்தனமே பொருந்தும். கொல்லையில் மாமரமோ தென்னையோ அடர்ந்த வீட்டில் பச்சை ஒளி உள்ளே வந்து மஞ்சளை வெளிறிய பச்சையாக்கும். அங்கே சிவப்புச் சாயல்தான் சுவரைக் காப்பாற்றும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபோது மாவும் தென்னையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பச்சை நிழலுக்குப் பழகியிருந்த சுவர்கள் திடீரென்று வெட்டவெளி வெளிச்சத்தில் நின்றன. பெயிண்ட் மாறாமலே வீட்டின் நிறம் மாறிப்போனதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதான அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளுக்கோ கதை வேறு. கோடையில் தரையே வெள்ளை வெளேரென்று ஒளியைத் திருப்பி அடிக்கும். எந்த நிறமும் அங்கே ஒரு படி வெளிறியே தோன்றும்.

பக்கத்து நிறமும் கண்ணை மாற்றும். பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்புச் சாயம் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் இருந்தது. 1839-இல் அதை நூலாகவே எழுதினார். கார்டில் இரண்டு சந்தனங்களை ஒட்ட வைத்துப் பார்க்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒன்று மற்றதன் சாயலை மிகைப்படுத்திவிடும்.

3.3 விளக்கு

இரவில் சுவரின் நிறம் பல்பைப் பொறுத்தது. பகலில் ஒத்துப்போகும் இரண்டு பூச்சுகள் எல்.இ.டி. வெளிச்சத்தில் பிரிந்து நிற்கலாம். வீட்டில் எரியும் அதே விளக்கின் கீழ் பார்ப்பதே போதும்.

4. சுவரும் உப்பும்

கடற்காற்றின் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காத்து, பின் காயும்போது உள்ளிருந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். இது அடர்ந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும், வெளிறிய நிறத்தில் மறையும். எனவே கடல் பக்கத்துச் சுவருக்கு இரண்டில் வெளிறியதே ஏற்றது. உப்புப் பூத்த சுவரைச் சுரண்டிக் காயவிடாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் எந்தச் சந்தனமும் பொரிந்து உரியும். அப்போது நிறத் தேர்வைப் பற்றிப் பேசவே இடமில்லை. புதிய சிமெண்ட் பூச்சுக்கு 28 நாளாவது கொடுக்க வேண்டும். அதன் காரத்தன்மை குறையாமல் அடித்தால் சில சாயங்கள் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

5. நிறமி

என் பார்வையில் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான்; கடையில் யாரும் கேட்காத கேள்வியும் இதுவே. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மஞ்சள்கள் வெவ்வேறு பொருளால் ஆனவையாக இருக்கலாம். இரும்பு ஆக்சைடு மஞ்சள் மண்ணிலிருந்து எடுக்கும் காவியின் உறவு. அது வெயிலுக்கும் காரத்துக்கும் அசையாது. கோயில் மதிலில் காவிப் பட்டை நெடுநாள் நிற்பதற்குக் காரணம் அதுவே. கரிம மஞ்சள் அதைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெளிர் நிறத்தில் அது துளியளவே கலக்கப்படுகிறது. அந்தத் துளியையும் வெயில் தின்றுவிட்டால் எஞ்சுவது அழுக்கு வெள்ளை.

கலக்கும் இயந்திரத்தின் திரையில் எந்தச் சாயம் எவ்வளவு என்பது வரும். கடைக்காரரிடம் இரண்டு சந்தனங்களின் கலவையையும் காட்டச் சொல்லுங்கள். ஆக்சைடு மஞ்சளும் ஆக்சைடு சிவப்பும் கொண்டதை வெளிச்சுவருக்கு எடுங்கள். வீட்டுக்குள் வெயில் படாத அறைகளுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம்.

6. தேர்வு முறை

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டர் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில், ஒன்றுக்கொன்று தள்ளி, பிரைமர் போட்ட சுவரில் இரண்டு கோட்டிங் அடித்துப் பாருங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறியும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு. மறுநாள் காலை, உச்சி, அந்தி, விளக்கு வைத்தபின் என நான்கு வேளையும் பார்க்க வேண்டும். பரப்பு பெரிதானால் நிறம் கூடித் தெரியும் என்பதால், இரண்டும் சமம் என்று தோன்றினால் ஒரு படி மங்கலானதை எடுப்பதே என் முடிவு.

தேர்ந்த நிறத்தை முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே கோட் எண்ணாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் தட்டும். வாளிகளைத் திறந்து ஒன்றோடொன்று கலந்த பிறகே பெயிண்டர் பிரஷ்ஷைத் தொடட்டும். கோட் எண், பேட்ச் எண், வாங்கிய தேதி மூன்றையும் வீட்டுப் பத்திரத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஒட்டுப்போட அது வேண்டியிருக்கும்.